சுபாங் குன்றுகளும் விமானப் பாதுகாப்பும்

இரண்டாயிரத்து நானூற்றுக்கும் நானூற்றுக்கும் உள்ள வேறுபாடு இரண்டாயிரம் என்பதை மூன்றாம் வகுப்பு மாணவனும் கூறிவிடுவான். 1989 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 ஆம் நாள் விடியற்காலையில், பூச்சோங் வட்டாரத்தில், ஒரு பெரிய சரக்கு விமானத்தையும் அதிலிருந்த நால்வரையும் அழித்தது இந்த வேறுபாடேயாகும். விமானத்தின் இயந்திரங்கள் செம்மையாகவே ஓடிக்கொண்டிருந்தன. இறக்கைகள் உறுதியாகவே இருந்தன. ஒரு சொல் வாயினின்று புறப்பட்ட விதத்திலும், அது செவியில் விழுந்த விதத்திலுமே பிழை நேர்ந்தது.

ஆகாய விமானத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் வேகம், உயரம், தூரம் ஆகியவற்றின் வெற்றிகளையே பெரிதும் எழுதுவர். ரைட் சகோதரர்கள் 1903 இல் பறந்தது பன்னிரண்டு விநாடி; இன்று கண்டங்களைத் தாண்டிச் செல்வது பன்னிரண்டு மணி நேரம். இவ்வளர்ச்சி போற்றத்தக்கதே. ஆயினும் இதற்கு உடன்பிறப்பாக மற்றொரு வரலாறு உண்டு. அது பாதுகாப்பின் வரலாறு. அவ்வரலாற்றின் பக்கங்கள் பெரும்பாலும் விபத்துகளைக் கொண்டே எழுதப்பட்டன. இன்றைய விமானி கைக்கொள்ளும் விதிகள் பலவற்றின் பின்னாலும் என்றோ ஒரு நாள், எங்கோ ஓர் இடத்தில், மாண்டுபோனவர்கள் இருக்கின்றனர். அவ்விடங்களுள் சில கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளன என்பது இங்கு வாழும் தமிழருள் பலரும் அறியாதது.

கோலாலம்பூருக்கு 1965 வரை சுங்கை பீசி விமான நிலையமே வாயிலாக இருந்தது. ஜெட் விமானங்களின் காலம் பிறந்ததும் அவ்விடம் போதவில்லை. ஆகவே நகருக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களின் நடுவே, சுபாங்கில் புதிய நிலையம் அமைக்கப்பட்டு 1965 ஆகஸ்டு 30 ஆம் நாள் திறக்கப்பட்டது. 1998 இல் சிப்பாங் நிலையம் திறக்கப்படும் வரை நாட்டின் தலைவாயிலாக விளங்கியது சுபாங்கே. அதன் ஓடுபாதை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கிறது. வடமேற்கிலிருந்து இறங்கும் விமானம் எல்மினா தோட்டத்துப் பக்கமாக வரவேண்டும். தென்கிழக்கிலிருந்து இறங்குவது பூச்சோங் பக்கமாக வரவேண்டும். இரு பக்கங்களிலும் குன்றுகள் உண்டு. அவை பெரிய மலைகள் அல்ல. பகலில் பார்ப்பவருக்குப் பச்சை மேடுகளாகவே தோன்றும். இருளிலும் மழையிலும் அவையே எமனாயின.

உலோகம் கற்பித்த பாடம்

சுபாங் நிலையம் எழுமுன்னரே இவ்வட்டாரம் விமானப் பாதுகாப்பு ஆராய்ச்சியோடு தொடர்புபட்டுவிட்டது. உலகின் முதல் ஜெட் பிரயாணி விமானம் பிரிட்டனில் செய்யப்பட்ட கோமெட் ஆகும். அது 1952 மே 2 ஆம் நாள் கட்டணம் செலுத்திய பிரயாணிகளுடன் முதன்முதலாகப் பறந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்ற ஒரு கோமெட் கல்கத்தாவை விட்டுக் கிளம்பிய சில நிமிடங்களில் புயலிற் சிக்கிச் சிதறியது. 43 பேர் மாண்டனர். 1954 ஜனவரி 10 அன்று, இதுவும் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டதே, மற்றொரு கோமெட் ரோமாபுரியை விட்டெழுந்தபின் எல்பா தீவினருகே கடலில் விழுந்தது; 35 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் மூன்றாவது கோமெட் இத்தாலிக்குத் தெற்கே கடலில் விழுந்தபோது அவ்விமானங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன.

பிரிட்டனில் பார்ன்பரோ என்னுமிடத்திலுள்ள விமான ஆராய்ச்சிக்கூடத்தில் ஆர்னால்டு ஹால் என்பவரின் தலைமையில் ஆராய்ச்சி தொடங்கிற்று. விஞ்ஞானிகள் ஒரு கோமெட்டின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டியில் அமிழ்த்தினர். உயரப் பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உலோகத்தோல் சற்று விரிந்து, இறங்கியபின் சுருங்கும். தொட்டியில் நீரின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் இவ்விரிவையும் சுருக்கத்தையும் விஞ்ஞானிகள் மீண்டும் மீண்டும் உண்டாக்கினர். அந்த விமானம் வானில் 1,221 முறை பறந்திருந்தது. தொட்டியில் மேலும் 1,836 முறை பறந்ததற்கு ஒப்பான அழுத்தத்தைத் தாங்கியபின் அதன் தோல் பிளந்தது. கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்தால் ஒடிவது போன்றதே இதுவும். இதனை உலோகச் சோர்வு என்பர்.

இதன்பின் விமான வடிவமைப்பில் ஒரு புதுக்கொள்கை வேரூன்றியது. எந்த உறுப்பும் ஒருநாள் உடையக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி, ஒன்று உடைந்தாலும் மற்றொன்று சுமையைத் தாங்குமாறு அமைப்பதே அக்கொள்கை. பிழை நேராது என்று நம்பாமல், பிழை நேர்ந்தாலும் அழிவு நேராதிருக்க வழி செய்தல் வேண்டும். உலோகத்துக்கு ஏற்பட்ட இவ்விதியை மனிதனின் செவிக்கும் வாய்க்கும் பொருத்த மேலும் பல ஆண்டுகள் ஆயின.

கோமெட் விபத்துகள் மற்றொரு நன்மைக்கும் வித்திட்டன. மெல்போர்ன் நகர ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த டேவிட் வாரன் என்னும் விஞ்ஞானி அவ்விபத்துகளை ஆராயும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவருடைய தந்தையாரும் 1934 இல் ஒரு விமான விபத்தில் மறைந்தவர். விமானத்தில் இருந்தவர் ஒருவரும் மிஞ்சாதபோது என்ன நேர்ந்ததென்று யார் சாட்சி சொல்வது? விமானிகளின் பேச்சையும் கருவிகள் காட்டிய அளவுகளையும் பதிவு செய்து, நெருப்பிலும் அழியாமல் காக்கும் ஒரு பெட்டி இருந்தால் அதுவே சாட்சி சொல்லும் என அவர் எண்ணினார். இன்று கறுப்புப் பெட்டி என வழங்கும் கருவி இவ்வாறு பிறந்தது. எளிதில் கண்டெடுக்கும்பொருட்டு அதற்குப் பூசப்படுவது ஆரஞ்சு வர்ணம். பெயர் மட்டும் கறுப்பாகவே நின்றுவிட்டது. பூச்சோங்கில் நடந்ததை உலகம் அறிந்ததும் இத்தகைய பெட்டியின் சாட்சியாலேயே ஆகும்.

எல்மினா, 1977

விமானப் பயணத்தில் மிகவும் நுட்பமான பகுதி இறங்கும் பகுதியாகும். இறக்கையின் மேலும் கீழும் காற்று விரைந்து ஓடுவதால் தூக்குவிசை உண்டாகிறது. வேகம் பாதியாகக் குறைந்தால் அவ்விசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஓடுபாதையில் நிற்கவேண்டுமாயின் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். குறைத்தால் தூக்குவிசை போதாது. இச்சிக்கலைத் தீர்க்கவே இறக்கையின் பின்விளிம்பில் கீழ்நோக்கி விரியும் மடிப்புத் தகடுகளை அமைத்துள்ளனர். அவை விரிந்த நிலையில், இயந்திரங்களின் வேகம் தணிந்த நிலையில், நிமிடத்துக்கு ஏறத்தாழ எழுநூறு அடி வீதம் விமானம் தாழ்ந்து வரும். அப்போது திடீரென மேலே எழவேண்டுமானால் அஃது உடனே ஆகக்கூடியதன்று. ஜெட் இயந்திரம் தணிந்த வேகத்திலிருந்து முழு வலிமை பெறச் சில விநாடிகள் வேண்டும். பாரமான விமானம் தாழ்வதை நிறுத்தி எழும்ப இன்னும் சில விநாடிகள் வேண்டும். ஆகவே எச்சரிக்கை என்பது காலத்தோடு வந்தால்தான் எச்சரிக்கையாகும்.

இதனாலேயே ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தபட்ச உயரம் என்று ஒரு வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தாலன்றி அவ்வரம்புக்குக் கீழே இறங்கலாகாது. தெரியவில்லையாயின் மேலே எழுந்து மறுபடியும் சுற்றி வரவேண்டும்.

1977 செப்டம்பர் 27 ஆம் நாள், தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மோசமான வானிலையில் சுபாங்கை நெருங்கியது. அதில் 79 பேர் இருந்தனர். அவ்வழிக்கு விதிக்கப்பட்ட வரம்பு 750 அடி. ஓடுபாதை தென்படாமலேயே விமானம் அவ்வரம்பைக் கடந்து தாழ்ந்தது. நிலையத்துக்கு நான்கு மைல் இருக்கையில், 300 அடி உயரத்தில், எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியது. 34 பேர் மாண்டனர். 45 பேர் உயிர் தப்பினர். 750 அடிக்கும் 300 அடிக்கும் இடையிலுள்ள 450 அடியை இறங்குவதற்கு, வழக்கமான வேகத்தில், ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் எழும்பியிருந்தால் பிரயாணிகள் அனைவரும் சற்றுத் தாமதமாக வீடு சேர்ந்திருப்பர்.

பழுதற்ற விமானம், விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, அவர் அறியாமல் நிலத்தில் மோதும் இவ்வகை விபத்து உலகெங்கும் மிகப் பல உயிர்களைக் கொள்ளைகொண்டது. இதனைத் தடுக்கத் தம் வாழ்நாளை ஈந்தவர் டான் பேட்மன் என்னும் கனடா நாட்டுப் பொறியியலாளர். 1971 இல் அலாஸ்காவில் ஒரு விமானம் மலையில் மோதி 111 பேர் மாண்டது அவர் உள்ளத்தை வருத்தியது. அவர் அமைத்த கருவி கீழ்நோக்கி வானொலி அலைகளை அனுப்பி, அவை தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு நிலத்துக்கு மேலுள்ள உயரத்தை அளந்தது. காற்றழுத்தத்தைக் கொண்டு அளக்கும் வழக்கமான உயரமானி கடல் மட்டத்துக்கு மேலுள்ள உயரத்தையே காட்டும். கீழே குன்று இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பேட்மனின் கருவிக்கு அது தெரியும். நிலம் மிக விரைவாக நெருங்கினால், உரத்த ஓசையுடன், விமானத்தை மேலே எழுப்புமாறு அக்கருவி வாய்விட்டுக் கூறும். 1974 டிசம்பரில் வாஷிங்டனுக்கருகே ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டதன்பின் அமெரிக்க அரசு இதனைப் பெரிய பிரயாணி விமானங்களில் கட்டாயமாக்கியது. பிற நாடுகளும் பின்பற்றின.

ஆனால் எந்தப் புதுக்கருவிக்கும் ஒரு குறை உண்டு. தொடக்கத்தில் இது அபாயமில்லாத இடங்களிலும் அவ்வப்போது கூச்சலிட்டது. அடிக்கடி வீணே ஒலிக்கும் மணியை யாரும் மதிக்கமாட்டார். எச்சரிக்கை வந்தவுடன் உண்மையா பொய்யா என்று ஆராயத் தொடங்கும் பழக்கம் விமானிகளிடையே வேரூன்றியது. ஆராய்ந்து முடிக்கும் அளவுக்குக் காலம் இருப்பதில்லை.

மூத்தவரைத் தடுத்துரைத்தல்

1983 டிசம்பர் 18 ஆம் நாள் மலேசிய விமான நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து 247 பேருடன் மழையில் சுபாங்கை நெருங்கியது. அதுவும் ஓடுபாதையை எட்டுமுன்னே மரங்களில் மோதித் தரையில் விழுந்து, பின்னர் எரிந்தழிந்தது. அதிசயிக்கத்தக்க வகையில் அனைவரும் உயிர் பிழைத்தனர். தலைமை விமானி ஓடுபாதையைக் காணாமலே வரம்புக்குக் கீழ் இறங்கினார் என்றும், துணை விமானி அதனைத் தடுத்துரைக்கவில்லை என்றும் விசாரணையில் முடிவாயிற்று.

தடுத்துரைக்கவில்லை என்பது கருதத்தக்க செய்தி. மூத்தவர் பிழை செய்யும்போது இளையவர் வாய் திறவாதிருப்பது கீழ்நாடுகளின் மரியாதைப் பண்பால் விளைவது என்று சிலர் கூறுவர். மேல்நாடுகளிலும் நிலைமை இதுவே. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரருகே ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதை மற்றவர்கள் அறிந்திருந்தும் தலைமை விமானிக்கு உறைக்குமாறு உரைக்கவில்லை. இதன்பின் 1979 இல் அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கருத்தரங்கு கூட்டியது. விமானியறையில் இருப்போர் ஒருவரையொருவர் கவனித்து, ஐயுற்றதை உடனே எடுத்துரைத்து, உரைத்ததை ஏற்றுக்கொள்ளும் பயிற்சி அதிலிருந்து வளர்ந்தது. காற்றியக்கவியலும் உலோகவியலும் மட்டுமே ஆராய்ச்சி என்றிருந்த துறையில், மனிதன் பேசும் முறையும் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

பூச்சோங், 1989

இனிப் பூச்சோங் நிகழ்ச்சிக்கு வருதல் பொருந்தும். ஃபிளையிங் டைகர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்தது. அதில் நால்வர் இருந்தனர். தென்கிழக்குப் பக்கமிருந்து இறங்குவோருக்குத் திசையையும் உயரத்தையும் ஒருங்கே காட்டும் வானொலிக் கருவி அன்று வேலை செய்யவில்லை. ஆகவே திசையை மட்டும் காட்டும் பழைய முறையில் இறங்கவேண்டியிருந்தது. உயரத்தை விமானிகளே வரைபடத்தைப் பார்த்துக் காத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கட்டுப்பாட்டு உத்தியோகஸ்தர் 2,400 அடிக்கு இறங்குமாறு ஆங்கிலத்தில் கூறினார். எண்ணை முழுமையாகச் சொல்லாமல், இலக்கம் இலக்கமாக, 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். ஆங்கிலத்தில் 'இரண்டு' என்னும் எண்ணுப்பெயரும், 'அளவுக்கு' என்று பொருள்படும் இடைச்சொல்லும் செவிக்கு ஒன்றே; இரண்டும் 'டூ' என்றே ஒலிக்கும். விமானி முதல் 'டூ'வை எண்ணாகக் கொள்ளாமல் இடைச்சொல்லாகக் கொண்டார். எஞ்சியது 'ஃபோர் ஸீரோ ஸீரோ', அதாவது நானூறு. 'ஓகே' என்று தொடங்கி, நானூறு என்றே அவர் திருப்பிச் சொன்னார். அந்தப் பிழை திருத்தப்படவில்லை.

விமானம் நானூறு அடியை நோக்கித் தாழ்ந்தது. அது மோதிய இடம் கடல் மட்டத்துக்கு மேல் 437 அடி. கூற்றும் கேள்வியும் குன்றும் ஆகிய மூன்று எண்களையும் ஒரு கரும்பலகையில் எழுதிவைத்தால் விபத்தின் முழுக்கதையும் அதில் அடங்கிவிடும்: 2,400, 400, 437.

பிழையைத் தடுத்திருக்கக்கூடிய வேலிகள் பல இருந்தன. உத்தியோகஸ்தர் எண்ணை முழுமையாகச் சொல்லியிருக்கலாம். திருப்பிச் சொன்னதைக் கேட்டுத் திருத்தியிருக்கலாம். விமானிகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த உயரத்தோடு ஒப்பிட்டிருக்கலாம். உடனிருந்தவர் ஐயத்தை எழுப்பியிருக்கலாம். இவையனைத்தும் தவறியபின்னும் பேட்மனின் கருவி தன் கடமையைச் செய்தது. மீண்டும் மீண்டும் எச்சரித்தது. அதற்கும் யாரும் செவிசாய்க்கவில்லை. எச்சரிக்கை ஒலித்தது என்பதை ஒலிப்பதிவுப் பெட்டியே பின்னர்ச் சாட்சியாகக் கூறிற்று. அந்தப் பதிவு விமானிகளின் பயிற்சி வகுப்புகளில் பாடமாயிற்று. அக்கருவி ஒலித்தவுடன், ஏன் எதற்கு என்று ஆராயாமல், இயந்திரங்களுக்கு முழு வலிமையையும் கொடுத்து மூக்கை உயர்த்தி மேலேற வேண்டும் என்னும் பயிற்சி அழுத்தமாகப் புகட்டப்பட்டது.

சொல்லை ஒழுங்கு செய்தல்

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ் இரயில்வே குடும்பங்களுக்கு இத்தகைய ஆபத்தைத் தடுக்கும் ஒரு பழைய முறை நன்கு தெரியும். மலாயா இரயில்வேயில் ஒற்றைத் தண்டவாளம் உள்ள இடங்களில், 'டோக்கன்' எனப்படும் உலோகத் துண்டு கைக்கு வந்தால்தான் ஓட்டுநர் அடுத்த நிலையத்துக்கு வண்டியைச் செலுத்தலாம். அந்தப் பகுதிக்கென்று வெளியே எடுக்கக்கூடிய டோக்கன் ஒரு சமயத்தில் ஒன்றுதான். ஆகவே எதிரெதிராக இரு வண்டிகள் புறப்பட இயலாது. வாய்ச்சொல்லில் ஐயம் எழலாம். கையிலிருக்கும் இரும்பில் ஐயம் எழாது.

வானில் அவ்வாறு கையில் கொடுக்கத்தக்க பொருள் ஏதுமில்லை. சொல் ஒன்றே உண்டு. ஆகவே அந்தச் சொல்லையே இரும்புபோல் உறுதியாக்க வேண்டியதாயிற்று. எல்மினா விபத்து நடந்த அதே 1977 இல், மார்ச் 27 அன்று, தெனெரிஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட்டபின் செல்லவேண்டிய வழியைப் பற்றிய அனுமதியைப் புறப்படுவதற்கே அனுமதி என்று ஒரு விமானி கொண்டார். அவர் கூறிய தெளிவற்ற வாசகத்துக்குக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து வந்த விடையும் 'ஓகே' என்றே தொடங்கிற்று. இதற்குப் பின்னர், புறப்பாட்டைக் குறிக்கும் குறிப்பிட்ட சொல்லை மெய்யாகவே புறப்பட அனுமதிக்கும்போதும் அவ்வனுமதியை நீக்கும்போதுமன்றி வேறெங்கும் வழங்கலாகாது என்று விதித்தனர். உயரத்தைக் கூறும்போது ஆயிரம், நூறு என்னும் சொற்களைச் சேர்த்து முழுமையாகக் கூறுவதே முறையாயிற்று. உயரத்தைப் பற்றிய கட்டளையை விமானி திருப்பிச் சொல்லவேண்டும். அதைக் கேட்டுச் சரிபார்ப்பது கட்டளையிட்டவரின் கடமை. வானொலியில் ஆங்கிலம் பேசும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் குறிப்பிட்ட தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்னும் பன்னாட்டு விதி 2008 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது.

தமிழாசிரியர்களுக்கு இதில் வியப்பொன்றுமில்லை. வலி, வழி, வளி என்பவற்றை ஒலி பிறழாமல் சொல்லப் பழக்குவது அவர்களுடைய அன்றாடப் பணி. அன்றியும், பூச்சோங்கில் நேர்ந்த குழப்பம் தமிழில் நேரக்கூடியதன்று என்பதையும் அவர்கள் காண்பர். தமிழில் வேற்றுமை உருபு எண்ணுக்கு முன்னே தனித்து நில்லாது; 'இரண்டாயிரத்து நானூறு அடிக்கு' எனப் பின்னே ஒட்டி நிற்கும். அவ்வுருபை எண்ணாகவோ எண்ணை அவ்வுருபாகவோ மயங்க இடமில்லை. இதனால் தமிழ் உயர்ந்தது, ஆங்கிலம் தாழ்ந்தது என்பது பெறப்படாது. தமிழுக்கும் அதற்கே உரிய மயக்கங்கள் உண்டு. எந்த மொழியில் எந்த இடத்தில் மயக்கம் தோன்றும் என்பதை முன்கூட்டியே அறிந்து வேலியிடுதல் வேண்டும் என்பதே பெறப்படுவது. இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உதவுவதென்று எண்ணும் மாணவனுக்குப் பூச்சோங் நிகழ்ச்சியைச் சொல்லுதல் தகும்.

முன்னோக்கும் கருவியும் இறக்கையின் தகடும்

பேட்மனின் முதற்கருவி கீழே மட்டும் நோக்கியது. எதிரே செங்குத்தாக மலை எழுந்தால் அது அறியும்போது காலம் கடந்துவிடும். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கிடைத்த நிலப்படங்களையும் பிறவற்றையும் சேர்த்து, உலகத்தின் மேடுபள்ளங்களை ஒரு கணிப்பொறியின் நினைவில் ஏற்றும் பணியை அவர் குழுவினர் மேற்கொண்டனர். விமானம் இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள்களின் துணையால் அறிந்து, வரவிருக்கும் மலையை ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு முன்பே இப்புதிய கருவி உணர்த்தியது.

அதன் தேவையை உணர்த்தியது 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியா நாட்டில் காலி நகரருகே நேர்ந்த விபத்து. அங்கே பழைய கருவி ஒலித்தவுடன் விமானிகள் தயங்கவில்லை. உடனே முழு வலிமை கொடுத்து மேலே எழுப்பினர். பூச்சோங்கின் பாடத்தை அவர்கள் கற்றிருந்தனர் எனலாம். ஆனால் வேகத்தைத் தணிக்க இறக்கையின் மேல் முன்னரே எழுப்பியிருந்த தகடுகளை மடக்க மறந்தனர். அத்தகடுகள் இறக்கையின் மேல் வழுவழுப்பாக ஓடும் காற்றைக் கலைத்து, தூக்குவிசையைக் குறைத்து, இழுவையைக் கூட்டுவன. விமானம் மலையுச்சியைத் தாண்ட முடியாமல் மோதியது. 159 பேர் மாண்டனர். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு முன்னோக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. குன்றில் மோதும் விபத்துகள் பெரிய விமானங்களிடையே வெகுவாகக் குறைந்தன. பேட்மன் 2023 மே மாதத்தில் காலமானார். அவரால் காக்கப்பட்டவர்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. தாங்கள் காக்கப்பட்டதை அவர்களும் அறியார்.

அவர் மறைந்த மூன்று மாதத்துக்குள் எல்மினாவின் பெயர் மீண்டும் செய்தித்தாள்களில் வந்தது. 2023 ஆகஸ்டு 17 ஆம் நாள் லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த ஒரு சிறு ஜெட் விமானம் பண்டார் எல்மினாவில் நெடுஞ்சாலையில் விழுந்தது. விமானத்திலிருந்த எண்மரும், சாலையில் சென்ற இருவரும் மாண்டனர். 1977 இல் பால்மரங்கள் நின்ற எல்மினாவில் இப்போது குடியிருப்புகளும் நெடுஞ்சாலையும் உள்ளன. இம்முறை மோதியது குன்றிலன்று. மழையும் இருளும் காரணமல்ல. தரையைத் தொட்டபின் தூக்குவிசையை நீக்குவதற்கென்றே இறக்கையில் அமைந்த தகடுகள், இறங்குவதற்கு முந்திய சரிபார்ப்பின்போது, தவறுதலாக வானிலேயே எழுப்பப்பட்டன என்று விசாரணை அறிக்கை கூறிற்று. தூக்குவிசை அற்றுப்போன விமானம் அக்கணமே வீழ்ந்தது.

காலியில் மடக்கவேண்டிய தகடு மடக்கப்படவில்லை; எல்மினாவில் எழுப்பக்கூடாத தகடு எழுப்பப்பட்டது. இரண்டிடத்திலும் இறக்கையின் விஞ்ஞானம் பொய்க்கவில்லை. அதனைக் கையாண்டவர் ஒருவர் செய்ததை மற்றொருவர் கண்ணால் கண்டு, வாயால் உரைத்து உறுதிசெய்யும் ஒழுங்கே குறைவுபட்டது.

திருப்பிச் சொல்லுதல்

எழுபது ஆண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். உலோகம் சோர்வடையும் என்பதைக் கண்டறிந்து அதற்கு மாற்று வழி செய்தனர். குன்று கண்ணுக்குத் தெரியாது என்பதை உணர்ந்து அதனைக் கூறும் கருவி செய்தனர். கருவி கூறுவதை மனிதன் மதியாதிருக்கக்கூடும் என்பதைப் பூச்சோங்கில் கண்டு அதற்குப் பயிற்சி வகுத்தனர். சொல் மயங்கும் என்பதை அறிந்து சொல்லுக்கு விதி வகுத்தனர். ஒவ்வொரு படியிலும் ஆராய்ச்சி இயந்திரத்தை விட்டு மனிதனை நோக்கி ஓர் அடி நகர்ந்தது.

மாணவனைத் திருப்பிச் சொல்லச் செய்வது தொன்றுதொட்டுப் பள்ளியில் வழங்கும் முறை. அது வெறும் மனப்பாடம் என்று இக்காலத்தில் பழிக்கப்படுவதும் உண்டு. திருப்பிச் சொல்லுவதால் மட்டும் பயன் விளையாது என்பது மெய்யே. பூச்சோங் விமானியும் திருப்பிச் சொன்னார், தெளிவாகவே சொன்னார். ஆசிரியர் ஏட்டில் கண் வைத்திருக்க, மாணவன் தவறாக ஒப்பித்துவிட்டு அமரும் வகுப்பறைக்கும் அந்த விடியற்காலைக்கும் வேறுபாடு மிகுதியில்லை. விளைவு மட்டுமே வேறு. திருப்பிச் சொல்லுதலின் பயன் முழுவதும் அதனைக் கேட்பவரின் செவியில் அடங்கியுள்ளது. 2,400 என்றுரைத்தவர், 400 என்று வந்த மறுமொழியைச் செவிமடுத்து, அன்று, இரண்டாயிரத்து நானூறு என்று ஒருமுறை திருத்தியிருந்தால், அச்சரக்கு விமானம் சுபாங்கில் இறங்கிப் பின் ஹாங்காங் சென்றிருக்கும். பூச்சோங் குன்றின் பெயரை உலக விமானிகள் எவரும் அறிந்திருக்கமாட்டார்.